பிரகாரத்திலிருந்து உபநிடதம் வரை: இந்து சமயத்தைப் படிக்கத் தொடங்குவது எப்படி

நூலகத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க என்னிடம் அடிக்கடி வந்த கேள்வி இது. "அக்கா, நம்ம சமயத்தைப் பத்தி அடிப்படையிலிருந்து தெரிஞ்சுக்கணும். எந்தப் புத்தகத்துல ஆரம்பிக்கலாம்?" கேட்பவர்களில் பலர் இளம் பெற்றோர். பிள்ளை ஏதோ கேட்டிருக்கும், பதில் சொல்ல வந்திருக்காது. ஆர்வத்தோடு கீதை உரையையோ ரிக் வேத மொழிபெயர்ப்பையோ எடுத்துப் போவார்கள். தவணை முடியும் முன்பே புத்தகம் திரும்பி வந்துவிடும்.

அவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன். இந்து சமயத்தை நிறுவியவர் என்று ஒருவர் கிடையாது. எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே நூலும் கிடையாது. சைவர், வைணவர், சக்தியை வழிபடும் சாக்தர் என ஒவ்வொருவருக்கும் தனித்தனி நூல்கள், ஒவ்வொரு நூலுக்கும் பல உரைகள். அலமாரி முன்னால் நின்று தொடங்கினால் பாதி வழியிலேயே மூச்சு வாங்கும்.

அதனால் நான் வேறு வழி சொல்வேன். முதலில் கோவிலுக்குப் போங்கள். ஒரு உருவத்தின் முன் நின்று, கையில் என்ன இருக்கிறது, காலடியில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். அப்புறம் அந்த உருவத்தின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்து அந்தக் கதை உள்ள நூலுக்குப் போங்கள். கடைசியில் அந்த நூல் சொல்லும் கருத்து தானாகவே கைக்கு வரும். உருவம், கதை, நூல், கருத்து என்ற இந்த வரிசையை மாற்றாமல் இருந்தால் போதும். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இதைப் பயன்படுத்தாமல் விடுவது எனக்குப் பெரிய வருத்தம்.

சிவன் கோவிலில் முதல் பாடம்

பழைய கல் கோவிலாகப் பாருங்கள். பெரிய கோவில் தேவையில்லை. கருவறையின் வெளிச்சுவரில் மாடங்களும் அவற்றில் கோஷ்ட மூர்த்திகளும் இருந்தால் போதும். பிரதோஷம், பௌர்ணமி, வெள்ளிக்கிழமை வேண்டாம். நின்று பார்க்க முடியாது. சாதாரண நாளில், மாலை நடை திறந்த உடனே போங்கள். ஒரு சின்ன நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். பல கோவில்களில் படம் எடுக்க அனுமதி இல்லை. அது ஒருபுறம் இருக்க, படம் எடுத்துவிட்டால் கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது.

சாமி கும்பிட்டுவிட்டு, பிரகாரத்தை மெதுவாக வலம் வாருங்கள். எந்தத் திசையில் யார் என்று எழுதுங்கள். கிழக்கு பார்த்த சிவன் கோவிலில் பெரும்பாலும் தெற்குச் சுவரில் விநாயகரும் தட்சிணாமூர்த்தியும் இருப்பார்கள். கருவறைக்கு நேர் பின்னால், மேற்கில், லிங்கோத்பவர். வடக்கில் பிரம்மாவும் துர்க்கையும். அதே வடக்குப் பக்கத்தில் தனியாக ஒரு சிறு சன்னதியில் சண்டிகேசுவரர். சில கோவில்களில் லிங்கோத்பவர் இடத்தில் திருமால் இருப்பார். அர்த்தநாரீசுவரரோ பிட்சாடனரோ கூடுதலாக இருக்கலாம். மாறியிருந்தால் மாறியபடியே குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த அமைப்புக்கெல்லாம் ஆகமங்கள்தான் ஆதாரம். கோவில் கட்டுவது, சிலை வடிப்பது, அன்றாடப் பூசை, திருவிழா எல்லாவற்றையும் அவை சொல்கின்றன. சைவ ஆகமங்கள் 28. அவற்றில் காமிகம், காரணம் என்ற பெயர்களைத் தமிழ்நாட்டுச் சிவாசாரியர்கள் அடிக்கடி சொல்லக் கேட்கலாம். வைணவக் கோவில்களில் பாஞ்சராத்திரம், வைகானசம் என்று இரண்டு மரபுகள் உண்டு. திருவரங்கத்தில் பாஞ்சராத்திரம், திருமலையில் வைகானசம். ஆகமங்களை நீங்கள் இப்போது படிக்க வேண்டியதில்லை. சுவரில் பார்ப்பது ஒரு நூலின் பக்கம் என்பது மட்டும் மனதில் இருந்தால் சரி.

தட்சிணாமூர்த்தியின் விரல்கள்

பார்த்து எழுதிய மூர்த்திகளில் முதலில் தட்சிணாமூர்த்தியிடம் உட்காருங்கள். ஒரு வாரம் இவர் ஒருவரையே பார்த்தாலும் தகும்.

தெற்கு நோக்கி, கல்லால மரத்தின் கீழே அமர்ந்திருப்பார். வலது காலைத் தொங்கவிட்டிருப்பார்; அது ஒரு குள்ள உருவத்தின் மேல் ஊன்றியிருக்கும். அந்த உருவம் முயலகன், அறியாமையின் வடிவம். இடது கால் மடித்து வலது தொடை மேல் இருக்கும். நான்கு கைகள். பின்கைகளில் அக்கமாலை, தீ, பாம்பு என்று கோவிலுக்குக் கோவில் மாறும். முன் இடக்கையில் பெரும்பாலும் ஏட்டுச் சுவடி. முன் வலக்கையில் சின்முத்திரை. காலடியில் சனகர், சனந்தனர், சனாதனர், சனற்குமாரர் என்ற நான்கு முனிவர்கள்.

கதை சுருக்கமானது. வேதம் எல்லாம் கற்றும் சந்தேகம் தீராத அந்த நால்வரும் சிவனிடம் வந்தார்கள். அவர் வாய் திறக்காமல் கைமுத்திரையைக் காட்டியே உணர்த்தினார். பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் இதைப் பாடும்போது "சொல்லாமல் சொன்னவரை நினையாமல் நினைந்து" என்கிறார். அந்த வரியோடு அந்தச் சன்னதியில் நின்றாலே நல்ல தொடக்கம்.

இப்போது சின்முத்திரையைக் கவனியுங்கள். சுட்டுவிரல் வளைந்து கட்டைவிரலின் அடியைத் தொடுகிறது. நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றும் விலகி நிற்கின்றன. சைவ சித்தாந்தப் பெரியவர்கள் சொல்லும் விளக்கம் இது: கட்டைவிரல் இறைவன், சுட்டுவிரல் உயிர், மற்ற மூன்றும் ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலங்கள். சாதாரணமாகச் சுட்டுவிரல் அந்த மூன்றோடு சேர்ந்துதான் நிற்கும். அவற்றை விட்டு விலகி வளைந்தால்தான் கட்டைவிரலைத் தொட முடியும். உங்கள் கையிலேயே செய்து பாருங்கள். பதி, பசு, பாசம் என்று சித்தாந்த நூல்கள் விரித்துப் பேசும் முப்பொருளை இப்படி ஒரு கையில் பார்த்துவிடலாம். பதி இறைவன், பசு உயிர், பாசம் உயிரைக் கட்டியிருப்பது. மெய்கண்டார் பன்னிரண்டே சூத்திரங்களில் இயற்றிய சிவஞானபோதம் இந்த மூன்றைப் பற்றித்தான் பேசுகிறது. விரலைப் பார்த்தவருக்கு அந்த நூல் அவ்வளவு அந்நியமாகத் தெரியாது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவரை குரு கிரகம் என்று நினைத்து வியாழக்கிழமைகளில் மஞ்சள் துணியும் கொண்டைக்கடலை மாலையும் சாத்துகிறார்கள். நவக்கிரகத்தில் இருக்கும் குரு பிரகஸ்பதி, தேவர்களின் ஆசான். தட்சிணாமூர்த்தி சிவனின் ஞான வடிவம். இருவரும் வேறு வேறு. குருப் பெயர்ச்சிக்காக வந்தாலும் சரி, வந்தவர்கள் அந்த முத்திரையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போனால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

பின்பக்கமும் வடக்கும்

லிங்கோத்பவரிடம் வந்தால், ஒரு தூண் நடுவில் பிளந்து, உள்ளே சிவன் நிற்பது தெரியும். பாதமும் முடியும் முழுதாகத் தெரியாது. மேலே ஓர் அன்னம், கீழே ஒரு பன்றி. அடிமுடி காண முடியாத நெருப்புத் தூணாக நின்ற கதை. பிரம்மா அன்னமாகி மேலே பறந்தார், திருமால் பன்றியாகிக் கீழே அகழ்ந்தார், இருவரும் காணவில்லை. திருவண்ணாமலையின் தலபுராணமும் கார்த்திகை தீபமும் இதில்தான் நிற்கின்றன. நூலில் தேட வேண்டுமானால் தேவாரத்தில் சம்பந்தர் பதிகம் எதையாவது திறந்து ஒன்பதாம் பாட்டைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே இந்தக் கதை இருக்கும். எட்டாம் பாட்டில் இராவணன் மலையைப் பெயர்த்த கதை வரும். இந்த ஒழுங்கைக் கண்டுபிடித்தபின் தேவாரம் படிப்பதில் தனி ருசி வந்துவிடும்.

லிங்கோத்பவர் கதை சிவனை மேலே வைக்கிறது. வைணவப் புராணங்களில் இது திரும்பி நிற்கும், அங்கே திருமாலே பரம்பொருள். பதினெண் புராணங்களைப் படிக்கும்போது இதை மனதில் வையுங்கள்: ஒவ்வொரு புராணமும் தன் தெய்வத்தையே எல்லாவற்றுக்கும் மேலாக வைத்துப் பாடும். எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் வேலை தொடக்க நிலையில் நமக்கு வேண்டாம்.

துர்க்கை எருமைத் தலையின் மேல் நிற்பாள். தஞ்சாவூர் அருகே புள்ளமங்கையில் இருக்கும் சோழர் காலத் துர்க்கையைப் பார்க்க வாய்ப்பிருந்தால் விடாதீர்கள். குடையின் கீழ் அவள் நிற்கும் நிமிர்வு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. எருமை அரக்கன் மகிடனைக் கொன்ற கதைக்கான நூல் தேவி மாகாத்மியம். மார்க்கண்டேய புராணத்துக்குள் 13 அத்தியாயங்களாக இருக்கிறது. நவராத்திரியில் படிப்பது இதைத்தான். சக்தியே முதற்பொருள் என்னும் சாக்த நெறிக்கு இதுவே வாசல்.

சண்டிகேசுவரர் முன்னால் கைதட்டி, உடையிலிருந்து நூல் பிய்த்துப் போடும் பழக்கம் உண்டு. தயவுசெய்து நூலைப் போடாதீர்கள். பெரியபுராணத்தில் அவர் கதையைப் படித்தால் போடத் தோன்றாது. திருச்சேய்ஞலூரில் விசாரசருமர் என்ற சிறுவன், மாடு மேய்த்தபடி மணலில் லிங்கம் பிடித்துப் பாலால் அபிஷேகம் செய்கிறான். தந்தை வந்து பால்குடத்தைக் காலால் உதைக்கிறார். சிறுவன் கையிலிருந்த கோல் மழுவாகித் தந்தையின் கால்களை வெட்டுகிறது. சிவன் தோன்றித் தன் தலையிலிருந்த கொன்றை மாலையை எடுத்து அவனுக்குச் சூட்டுகிறார். கங்கைகொண்ட சோழபுரத்தில் இந்தக் காட்சி சிலையாக இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் கோவில் நிலம், கொடை எல்லாம் சண்டேசுவரர் என்று இவர் பெயரிலேயே நடக்கும். கோவில் சொத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். கதை நம்மை உலுக்கும். தந்தையின் காலை வெட்டுவது எப்படிப் பக்தியாகும் என்று கேள்வி எழும். எழட்டும். பெரியபுராணத்தில் இப்படி உலுக்கும் கதைகள் இன்னும் உண்டு. கேள்வியை நோட்டில் எழுதிவிட்டு மேலே படியுங்கள்.

நடராசர்

நடராசர் சன்னதியில் ஐந்து இடங்களைப் பாருங்கள். வலது பின்கையில் உடுக்கை. இடது பின்கையில் நெருப்பு. வலது முன்கை அஞ்சாதே என்று அமைத்த கை. ஊன்றிய வலது கால் முயலகன் மேல். இடது கால் தூக்கியிருக்கிறது. இடது முன்கை அதைச் சுட்டிக்காட்டுகிறது. இதற்கு விளக்கம் வேண்டி எங்கும் அலைய வேண்டாம். திருவதிகை மனவாசகங்கடந்தார் எழுதிய உண்மை விளக்கத்தில் ஒரே வெண்பாவில் இருக்கிறது:

தோற்றம் துடியதனில் தோயும் திதியமைப்பில்
சாற்றியிடும் அங்கியிலே சங்காரம் – ஊற்றமா
ஊன்று மலர்ப்பதத்தில் உற்றதிரோதம் முத்தி
நான்ற மலர்ப்பதத்தே நாடு.

உடுக்கையில் படைத்தல், அமைத்த கையில் காத்தல், நெருப்பில் அழித்தல், ஊன்றிய காலில் மறைத்தல், தூக்கிய காலில் அருளல். இவைதாம் ஐந்தொழில். படைத்தல், காத்தல், அழித்தல் மூன்றையும் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். மறைத்தல் என்ன என்றுதான் பலர் யோசிப்பதில்லை. உயிர் தன் வினையை அனுபவித்துப் பக்குவப்படும் வரை இறைவன் தன்னை மறைத்துக்கொண்டு நிற்கிறான் என்பது சித்தாந்தம். கடவுள் இருந்தால் ஏன் தெரியவில்லை என்று கேட்கும் பிள்ளைக்கு இந்த ஊன்றிய காலைக் காட்டலாம். வெண்பாவை மனப்பாடம் செய்து, சிலை முன் நின்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தபடி சொல்லுங்கள். மதுரை வெள்ளியம்பலத்தில் மட்டும் கால் மாறி, வலது கால் தூக்கி ஆடுவார். அங்கே போனால் கவனியுங்கள்.

கடைசியாகக் கருவறை. இவ்வளவு கை கால்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனால் லிங்கத்துக்கு முகம்கூட இல்லை. உருவம் உள்ளது நடராசர் போன்ற திருமேனி, உருவமே இல்லாதது அருவம், இரண்டுக்கும் நடுவில் அருவுருவம், அதுதான் லிங்கம். வெளியே தெரியும் உருண்டைப் பகுதி உருத்திரனுடையது. ஆவுடையாருக்குள் எண்கோணப் பகுதி திருமாலுடையது, அதற்கும் கீழே சதுரப் பகுதி பிரம்மாவுடையது என்று சிற்ப நூல்கள் சொல்லும்.

பெருமாள், முருகன், ஊர்த் தெய்வங்கள்

பெருமாள் கோவிலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நின்றாரா, இருந்தாரா, கிடந்தாரா என்பது. திருவரங்கத்தில் ஆதிசேடன் மேல் கிடந்த கோலம். திருமலையில் நின்ற கோலம். காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோவிலில் மூன்று தளங்களில் மூன்று கோலமும் உண்டு. சங்கு, சக்கரம், கருடன், தாயார் சன்னதி என்று அடுத்தடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். சிலையில் உண்மையிலேயே இறைவன் இருக்கிறானா என்ற கேள்விக்கு வைணவம் நேரடியாகப் பதில் சொல்கிறது. வைகுந்தத்தில் பரமாக, பாற்கடலில் வியூகமாக, இராமன் கண்ணன் முதலிய விபவமாக, ஒவ்வொருவர் உள்ளத்திலும் அந்தர்யாமியாக, கோவிலில் அர்ச்சையாக என ஐந்து நிலைகளில் இருக்கிறான். நாம் கொடுக்கும் உருவத்தில், நாம் குளிப்பாட்டி உணவூட்டும்படி எளியவனாக வந்து நிற்பது அர்ச்சை. ஆழ்வார்கள் உருகியது பெரும்பாலும் இந்த எளிமைக்காகத்தான்.

முருகனுக்கு நூல் வேண்டுமானால் நக்கீரரின் திருமுருகாற்றுப்படை. சங்கத் தொகையான பத்துப்பாட்டிலும் இருக்கிறது, சைவத்தின் பதினொன்றாம் திருமுறையிலும் இருக்கிறது. மொழி கடினம் என்றால் அருணகிரிநாதரின் கந்தர் அனுபூதியில் தொடங்குங்கள்.

மாரியம்மன், ஐயனார், கருப்பசாமி ஆகியோரை "அது வேறு" என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழ்நாட்டில் பெரும்பாலான குடும்பங்களின் குலதெய்வம் அங்கேதான் இருக்கிறது. அந்தக் கதைகள் பெரும்பாலும் புத்தகத்தில் கிடைக்காது. பூசாரியிடமும் வீட்டு மூத்தவர்களிடமும் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

சரி, கடவுள் எத்தனை?

இத்தனை தெய்வங்களைப் பார்த்தபின் இந்தக் கேள்வி வந்தே தீரும். பிருகதாரண்யக உபநிடதத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் இதே கேள்வியை சாகல்யர் என்பவர் யாக்ஞவல்கிய முனிவரிடம் கேட்கிறார். முதல் பதில், மூவாயிரத்து முந்நூற்று ஆறு. "சரி, உண்மையில் எத்தனை?" முப்பத்து மூன்று. "சரி, உண்மையில் எத்தனை?" ஆறு. அடுத்து மூன்று, அடுத்து இரண்டு, அடுத்து ஒன்றரை, கடைசியில் ஒன்று. முப்பத்து மூன்று யார் என்றும் சொல்கிறார்: எட்டு வசுக்கள், பதினோரு உருத்திரர், பன்னிரண்டு ஆதித்தியர், இந்திரன், பிரஜாபதி. கேட்டவர் விடாமல் கேட்டதும், சொன்னவர் எந்தப் பதிலையும் தவறு என்று திருத்தாமல் அடுத்ததற்குப் போனதும்தான் எனக்கு மிகவும் பிடித்தது. யாராவது உங்களிடம் கேட்டால் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள்.

நூல்களை எந்த வரிசையில் எடுப்பது

நூல்களைச் சுருதி, ஸ்மிருதி என்று பிரிப்பது வழக்கம். சுருதி என்றால் வேதம். ரிக், யஜுர், சாமம், அதர்வணம் என்ற நான்கு வேதங்களில் பொதுவாகச் சம்ஹிதை, பிராமணம், ஆரண்யகம், உபநிடதம் என்ற பகுதிகள் உண்டு. ரிக் வேத சம்ஹிதையில் மட்டும் 10 மண்டலங்களில் 1028 சூக்தங்கள். இதை முதல் பக்கத்திலிருந்து படிக்க முயல வேண்டாம். வேதம் காதால் கேட்டுக் கற்கும் நூல்; கோவிலில் ருத்ரமோ புருஷ சூக்தமோ ஓதும்போது உட்கார்ந்து கேளுங்கள், பொருளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஸ்மிருதியில் இதிகாசம், புராணம், தரும சாத்திரம் எல்லாம் வரும்.

படிப்பதற்கு உபநிடதங்களில் கடோபநிடதம் நல்ல தொடக்கம். தந்தை வேள்வியில் கறவை வற்றிய கிழப் பசுக்களைத் தானம் கொடுப்பதைப் பார்த்து நசிகேதன் என்ற சிறுவன், "என்னை யாருக்குக் கொடுப்பீர்கள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். கோபத்தில் தந்தை "யமனுக்கு" என்கிறார். யமன் வீட்டு வாசலில் மூன்று இரவு பட்டினி கிடந்ததற்காக மூன்று வரம் கிடைக்கிறது. மூன்றாவதாக, செத்தபின் மனிதன் இருக்கிறானா இல்லையா என்று சொல்லும்படி கேட்கிறான். யமன் பொன்னும் யானையும் நீண்ட ஆயுளும் தருகிறேன், அதை மட்டும் கேட்காதே என்கிறான். சிறுவன் அசையவில்லை. கதை என்பதால் கையிலிருந்து கீழே வைக்க முடியாது, அதற்குள் ஆன்மாவைப் பற்றிய போதனை வந்துவிடும்.

அடுத்து சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயம். பன்னிரண்டு ஆண்டு படித்துவிட்டுச் செருக்கோடு வந்த சுவேதகேதுவுக்கு, தந்தை உத்தாலகர் உப்பைத் தண்ணீரில் கரைத்து மேலே, நடுவில், அடியில் என்று சுவைத்துப் பார்க்கச் சொல்கிறார். கண்ணுக்குத் தெரியாத உப்பு எங்கும் இருக்கிறது. "தத் த்வம் அஸி", நீ அதுவாக இருக்கிறாய், என்ற வாக்கியம் இந்த அத்தியாயத்தில் ஒன்பது முறை வருகிறது.

உபநிடதங்களின் பொருளை ஆராயும் வேதாந்தம் பல கிளையாகப் பிரிவதை இந்த ஒரு வாக்கியத்திலேயே பார்க்கலாம். சங்கரர், உயிரும் பிரம்மமும் ஒன்றே என்று இதை எடுத்துக்கொள்கிறார், அது அத்வைதம். இராமாநுசர், உயிர் பிரம்மத்தின் உடல், பிரம்மம் உயிருக்கு உயிர் என்கிறார், அது விசிஷ்டாத்வைதம். மத்வர் சொற்களை வேறுவிதமாகப் பிரித்து, நீ அது இல்லை என்றே படிக்கிறார், அது துவைதம். மூவருக்கும் ஆதாரம் உபநிடதம், பிரம்ம சூத்திரம், கீதை என்ற அதே மூன்று நூல்கள்தான். அதனால் ஒரு கீதை உரையை வாங்கும்போது, உரையாசிரியர் எந்த மரபைச் சேர்ந்தவர் என்று முன்னுரையில் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒரு மரபின் உரையை முழுதாக முடிக்காமல் அடுத்ததைத் தொட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

கீதை மகாபாரதத்தின் பீஷ்ம பருவத்தில், 18 அத்தியாயங்களாக 700 சுலோகங்களில் இருக்கிறது. மகாபாரதக் கதை தெரியாமல் கீதையைத் திறக்காதீர்கள். யார் யாரை எதிர்த்து நிற்கிறார்கள், அருச்சுனன் ஏன் வில்லைக் கீழே போட்டான் என்று தெரிந்தால்தான் கண்ணன் சொல்வது ஒட்டும். இராஜாஜியின் வியாசர் விருந்து அதற்குப் போதும். அப்புறம் முதல் அத்தியாயத்தை விட்டுவிடாமல் படியுங்கள். அருச்சுனனின் துக்கம் அங்கேதான் இருக்கிறது. தொடர்ந்து இரண்டாவது, மூன்றாவது. அங்கிருந்து நேரே பன்னிரண்டாவதற்குப் போகலாம், அது 20 சுலோகம்தான், பக்தியைப் பற்றியது. மற்றவற்றைப் பிறகு முழுதாகப் படிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். தமிழில் பாரதியாரின் மொழிபெயர்ப்பு இருக்கிறது.

கடைகளில் "எது நடந்ததோ அது நன்றாகவே நடந்தது" என்று கீதாசாரம் என்ற தலைப்பில் மாட்டியிருப்பார்கள். அந்த வாசகம் கீதையில் எங்கும் இல்லை. போனில் வரும் "வேதத்தில் சொல்லியிருக்கிறது" செய்திகளுக்கும் இதையே செய்யுங்கள்: எந்த நூல், எந்த அத்தியாயம், எத்தனையாவது பாட்டு என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

வினையும் பிறவியும் நம் மொழியில்

வினை, மறுபிறவி, வீடுபேறு என்ற கருத்துகளுக்குத் தமிழில் திருவாசகத்தைவிட நெருக்கமான நூலை நான் காணவில்லை. முதலில் இருக்கும் சிவபுராணம் 95 அடிகள்தான்.

புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகிப்
பல்விருக மாகிப் பறவையாய்ப் பாம்பாகிக்
கல்லாய் மனிதராய்ப் பேயாய்க் கணங்களாய்

என்று அடுக்கிக்கொண்டே போய், "எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன் எம்பெருமான்" என்று மாணிக்கவாசகர் நிறுத்துகிறார். அந்த "இளைத்தேன்" என்ற இடத்தில் மறுபிறவிக் கொள்கை ஓர் உயிரின் களைப்பாகக் காதில் விழுகிறது. இதை வாய்விட்டுப் படித்தபின் வினையின் மூன்று வகைகளைப் பாருங்கள். பல பிறவிகளில் சேர்த்து வைத்தது சஞ்சிதம், அதில் இந்தப் பிறவியில் அனுபவிக்க வந்தது பிராரத்தம், இப்போது செய்து சேர்ப்பது ஆகாமியம். பலன் தர வந்துவிட்டதை அனுபவித்துத்தான் தீர்க்க வேண்டும். இப்போது செய்வது நம் கையில் இருக்கிறது. எல்லாம் தலைவிதி என்று உட்காருவதற்கு இந்தக் கொள்கையில் இடமில்லை.

சைவத்துக்குப் பன்னிரு திருமுறை, வைணவத்துக்கு நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம். முதல் ஏழு திருமுறைகள் தேவாரம், எட்டாவது மாணிக்கவாசகர், பத்தாவது திருமந்திரம், பன்னிரண்டாவது பெரியபுராணம். பிரபந்தத்தைத் தொகுத்தவர் நாதமுனிகள், முதல் பதினொரு திருமுறைகளைத் தொகுத்தவர் நம்பியாண்டார் நம்பி. பெரிய சிவன் கோவில்களில் ஓதுவார் பாடுவார். பாடி முடித்ததும் போய், இன்று பாடியது எந்தப் பதிகம் என்று மரியாதையாகக் கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்வார்கள். நான் பண்களின் பெயர்களைக் கற்றது அப்படித்தான்.

கடினமான பக்கங்கள்

சாதியைத் தொடாமல் இந்த வழிகாட்டியை முடித்தால் அது நேர்மையாக இருக்காது. ரிக் வேதம் பத்தாம் மண்டலத்தின் புருஷ சூக்தத்தில் நான்கு வருணங்கள் வருகின்றன. மனு முதலிய தரும சாத்திரங்கள் அதைக் கொடுமையான சட்டங்களாக விரிக்கின்றன. இவற்றை மறைத்துப் படிக்கக் கூடாது. பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் என்ற நந்தனார் தில்லைக் கோவிலுக்குள் போக நெருப்புக்குள் இறங்க வேண்டியிருந்தது. அதே மரபில்தான் திருப்பாணாழ்வாரை லோகசாரங்க முனிவர் தோளில் சுமந்து அரங்கன் முன் கொண்டுபோன கதையும் இருக்கிறது. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் ஒடுக்கப்பட்டவர்கள் நுழைந்தார்கள். அதுவரை இந்தப் பிரகாரங்களே அவர்களுக்கு மூடியிருந்தன. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்லுங்கள். பக்தி நூல்களை நேசிப்பவர்கள்தான் இதை முதலில் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எப்போது தொடங்கலாம்

பண்டிகை நாள்காட்டியோடு படிப்பைச் சேர்த்துவிட்டால் விட்டுப் போகாது. கார்த்திகை தீபத்தை ஒட்டி லிங்கோத்பவர் கதையும் ஒரு தேவாரப் பதிகமும். நவராத்திரிக்குத் தேவி மாகாத்மியம். சிவராத்திரிக்குச் சிவபுராணம். பங்குனி உத்திரத்துக்குக் கந்தர் அனுபூதி.

எல்லாவற்றிலும் எளிது மார்கழி. ஆண்டாளின் திருப்பாவை முப்பது பாட்டு. திருவெம்பாவை இருபதும் திருப்பள்ளியெழுச்சி பத்தும் சேர்ந்தால் அதுவும் முப்பது. நாளுக்கு இரண்டு பாட்டு, ஒன்று பெருமாளுக்கு, ஒன்று சிவனுக்கு. காலையில் பாட்டை மட்டும் வாய்விட்டு இரண்டு தடவை படியுங்கள், பொருள் புரியாவிட்டாலும் பரவாயில்லை. உரையை மாலையில் எடுங்கள். அந்த மாதத்திலேயே திருவாதிரை வரும். அன்று கோவிலில் நடராசருக்கு அபிஷேகம் நடக்கும்போது மேலே எழுதிய வெண்பா கையில் இருக்கட்டும்.